பழைய ஸ்விஃப்ட் டீசல்: எதுவரை ஓட்டலாம், எப்போது கைமாற்றலாம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய வண்டி வாங்கி விற்கும் எந்த ஆட்டோ கன்சல்டிங் கடைக்குப் போனாலும் வெள்ளை ஸ்விஃப்ட் டீசல் ஒன்றாவது நிற்கும். 2011 ஆகஸ்டில் வந்து 2018 தொடக்கம் வரை விற்ற இரண்டாம் தலைமுறை வண்டியைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. அதே இன்ஜினோடு 2012-இல் வந்த டிசையருக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். முதலில் பதிவான வண்டிகள் 2026-இல் 15 வருஷத்தை முடிக்கின்றன. ஆர்.சி.யைப் புதுப்பித்து இன்னும் ஐந்து வருஷம் ஓட்டுவதா, வந்த விலைக்குக் கொடுத்துவிடுவதா என்று யோசிப்பவர்கள் ஒரு பக்கம். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு டீசல் வண்டி அமைந்தால் போதும் என்று தேடுபவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றேதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலாகாலத்தில் ஆயில் மாற்றிய வண்டியாக இருந்தால், 15 வருஷம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விற்க வேண்டாம். மீட்டர் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று பயந்தும் விற்க வேண்டாம். இந்த வண்டிக்குப் பெரிய செலவு என்றால் மூன்றுதான்: டைமிங் செயின், டர்போவோடு இன்ஜெக்டர், கிளட்ச். இவற்றில் எது ஏற்கெனவே முடிந்திருக்கிறது, எது அடுத்து வரக் காத்திருக்கிறது என்று பார்த்தால் வண்டியின் வயது தெரிந்துவிடும். மூன்றும் ஒரே வருஷத்தில் வரும் போலிருந்தால் அப்போது மாற்றுங்கள்.

இன்ஜின்

1248 சிசி, ஃபியட்டின் மல்டிஜெட். 4,000 ஆர்.பி.எம்.மில் 75 பி.எஸ். பவர், 2,000-இல் 190 நியூட்டன் மீட்டர் டார்க். இதே இன்ஜின்தான் டாடா விஸ்டா, மான்சா, ஃபியட் புன்டோ, லீனியா எல்லாவற்றிலும் ஓடியது. அதனால் பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ வண்டி நின்றுவிட்டாலும், இந்த இன்ஜினைத் திறந்து பழகிய மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் கிடைப்பார். ஸ்பேர் சேலத்திலும் ஓசூரிலும் கிடைக்கும். அங்கே இல்லாதது பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். இன்னொரு நல்ல விஷயம், இதில் டி.பி.எஃப். கிடையாது. 2020-இல் வந்த பி.எஸ். 6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டியை டவுனுக்குள்ளேயே ஓட்டினால் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு லைட் எரியும் தொல்லை இதற்கு வராது.

மைலேஜ் கம்பெனிக் கணக்கில் தொடக்கத்தில் 22.9, பிறகு 25.2 என்றார்கள். பழைய வண்டிக்கு 18 என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் வரை 80, 90-இல் ஒரே சீராகப் போனால் 20-ஐத் தாண்டும். தருமபுரி டவுனுக்குள் மட்டும் சுற்றினால் 15, 16.

2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இன்ஜின் மந்தம். பெட்ரோல் வண்டியிலிருந்து மாறியவர்கள் நான்காவது கியரில் 1,400-இல் மிதித்துவிட்டு, வண்டி இழுக்கவில்லை என்பார்கள். அது கோளாறு இல்லை, டர்போ காற்றைத் தள்ளும் வேகம் அப்போது வந்திருக்காது. ஒகேனக்கல் மலைப்பாதையிலும் வத்தல்மலை ஏற்றத்திலும் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே ஒரு கியர் இறக்கிவிட வேண்டும். திணறத் திணற ஏற்றினால் கிளட்சும் தேயும், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்குள்ளேயே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரியும் சேரும்.

நேற்று வரை இழுத்த வண்டி இன்று 2,500-க்கு மேலும் இழுக்காமல் கறும்புகை தள்ளுகிறது என்றால் உடனே டர்போ போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் டர்போவின் காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் இன்டர்கூலர் ஹோஸைப் பாருங்கள். அந்த ரப்பர் குழாய் வெயிலிலும் ஆயில் கசிவிலும் ஊறி அடிப்பக்கம் கிழியும். ஐடிலில் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் ஆக்சிலரேட்டர் கொடுக்க, இன்னொருவர் குழாயை அமுக்கிப் பார்த்தால் காற்று சீறும் இடம் கையில் தெரியும். அதற்கு அடுத்தது ஏர் ஃபில்டர், அதற்கும் அடுத்தது ஈ.ஜி.ஆர். இந்த மூன்றையும் பார்க்காமல் டர்போவைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

செயின்

கிராங்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் ஒரே தாளத்தில் சுற்றவைப்பது டைமிங் செயின். இந்த இன்ஜினின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெல்ட்டாக இருந்தால் இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று கெடு இருக்கும். செயினுக்கு அது இல்லாததால் பலரும் மறந்துவிடுகிறார்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. ஆயில் அளவு குறைந்தாலும், மாற்றாமல் விட்டுக் கசடு பிடித்தாலும் டென்ஷனர் தளரும். செயின் தொளதொளத்துக் கைடில் அடிக்கும், கைடு தேயும், கடைசியில் ஸ்ப்ராக்கெட்டில் பல் தாண்டும். பல் தாண்டினால் பிஸ்டன் வால்வைத் தட்டும். பெரும்பாலும் ராக்கர் ஆர்ம்கள் முதலில் முறிந்து வால்வைக் காப்பாற்றிவிடும். வால்வே வளைந்துவிட்டால் ஹெட்டை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

சோதிப்பது எளிது. விடியற்காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து வையுங்கள். இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, பெல்ட் ஓடும் பக்கம் குனிந்து காது கொடுங்கள். ஒரு நொடி சலசலத்து அடங்கினால் பரவாயில்லை. மூன்று, நான்கு நொடிக்குச் சங்கிலி உரசும் சத்தம் நீடித்தால் டென்ஷனர் போய்க்கொண்டிருக்கிறது. சூடான பிறகும் ஐடிலில் அதே சத்தம் கேட்டால் அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு ஏற்றாதீர்கள். வாங்கப் போகும் இடத்தில் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார்கள் என்றால், பானட்டில் கை வைத்துச் சூட்டைப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில வர்றேன், அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க" என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.

மாற்றும்போது செயின், டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் செட்டாக மாற்ற வேண்டும். டென்ஷனரை மட்டும் மாற்றிச் சத்தத்தை அடக்குவது விற்பதற்காகச் செய்யும் வேலை. இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பை இறக்கி, முன் கவரைக் கழற்றித்தான் செயினைத் தொட முடியும். கேமையும் கிராங்கையும் அசையாமல் பூட்ட லாக்கிங் பின் செட் இருக்கிறது. அது கையில் இல்லாமல், பெயின்டில் குறி போட்டு மாற்றிவிடுகிறேன் என்பவருக்கு இந்த வேலை வேண்டாம். சம்ப் இறங்கியிருக்கும்போதே ஆயில் சல்லடையைக் கழுவச் சொல்லுங்கள். கவரில் ஒட்டியிருக்கும் பழைய சிலிகானைச் சுரண்டும்போது துணுக்கு உள்ளே விழுந்தால் அது நேராகச் சல்லடையில் போய் உட்காரும். புதுச் செயினுக்கு ஆயில் போகாது. இந்தச் சின்ன அலட்சியத்தால் செயின் மாற்றிய சில மாதத்திலேயே பெரிய இன்ஜின் வேலைக்கு வந்த வண்டிகள் உண்டு.

ஆயில் 5டபிள்யூ-30, ஃபில்டரோடு மாற்றினால் மூன்று லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்பது கம்பெனிக் கணக்கு. ஒன்றரை லட்சம் தாண்டிய வண்டிக்கு, அதுவும் நம் ஊர்த் தூசியில், 7,500-இல் மாற்றிவிடுங்கள். ஆயில் குடிக்கிறது என்று லாரிக்கு ஊற்றும் கெட்டி ஆயிலை ஊற்றும் பழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. காலை ஸ்டார்ட்டில் அந்த ஆயில் டென்ஷனருக்கு ஏறத் தாமதமாகும். குடிக்கும் வண்டிக்கு மருந்து எங்கே குடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள், போதும்.

டர்போ, இன்ஜெக்டர்

இன்டர்கூலர் ஹோஸுக்குள் லேசான ஆயில் ஈரம் இருப்பது சாதாரணம். கழற்றும்போது ஒழுகினால் டர்போ சீல் தேய்கிறது. இன்லெட் குழாயைக் கழற்றி டர்போ சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்க்கலாம். மேலும் கீழுமாக மயிரிழை அசைவு இருக்கலாம், முன்னும் பின்னும் அசையக் கூடாது. இறக்கை ஓரம் கூட்டில் உரசிய தடம் இருந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து டீக்கடையில் நிறுத்தியதும் சாவியைத் திருகாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுவது டர்போவுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கெடுவதற்குக் காரணம் தண்ணீர் கலந்த டீசலும், மாற்றாத ஃபில்டரும். மழைக்காலத்தில் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். சோதனைக்கு மெக்கானிக்கிடம் "ரிட்டர்ன் டெஸ்ட்" என்று கேளுங்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் லைனையும் நான்கு பாட்டிலில் விட்டு, இரண்டு நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டால் எது அதிகம் திருப்பி அனுப்புகிறதோ அது தேய்ந்தது. ஒன்றுக்காக நான்கையும் மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இன்ஜெக்டர் அடியில் "சுஃப் சுஃப்" என்று காற்றுச் சத்தமும், சுற்றிலும் தார் ஊற்றியது போலக் கறுப்புப் படிவும் இருந்தால் அடியிலுள்ள செம்பு வாஷர் போயிருக்கிறது. அந்த நிலையில் பார்த்தால் சின்னச் செலவு. வருஷக்கணக்கில் விட்டால் இன்ஜெக்டர் ஹெட்டோடு இறுகிப்போய், கழற்றுவதே ஒரு நாள் வேலையாகிவிடும்.

புகையின் நிறம் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் மட்டும் டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், குளிர் ஸ்டார்ட்டுக்குச் சூடேற்றும் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர். ஓசூர், தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிரில் இது பளிச்சென்று வெளிப்படும். சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால், ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

நம் ஊர்த் தண்ணீர்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டு மாவட்டத்திலும் ஹெட் கேஸ்கெட் போவதற்கு முக்கியக் காரணம் டர்போவும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை, போர் தண்ணீர். இங்குள்ள நிலத்தடி நீரின் குணம் எல்லோருக்கும் தெரியும். ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடத்தில் உப்புக் கறை படியவிடும் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே என்ன நடக்கும்? மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பு படியும், தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கும், வாட்டர் பம்ப் சீல் அறுபடும். டவுனில் ஓட்டும்வரை தெரியாது. ஏ.சி. போட்டுக்கொண்டு சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றம் ஏறும்போதுதான் டெம்பரேச்சர் லைட் எரியும்.

இன்ஜின் ஆறியபின் ரிசர்வாயர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட்டுக்கு உரிய நிறம் தெளிவாக இருக்க வேண்டும். செங்கல் நிறத்தில் இருந்தால் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் பேசாமல் மூடிவிட்டு வந்துவிடலாம். உங்கள் வண்டியிலேயே செங்கல் நிறத் தண்ணீர் இருந்தால் முழுக்க வடித்து, டிஸ்டில்ட் வாட்டரால் தெளியும்வரை அலசி, புதுத் தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். காற்று வெளியேறும்வரை ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட வேண்டும். பெட்ரோல் பங்க்கில் "அண்ணா, தண்ணி ஊத்தட்டுங்களா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிக்கியில் ஒரு லிட்டர் கலந்த கூலன்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த எச்சரிக்கை ஒன்று. இந்த இன்ஜினில் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் ஒரே வெளி பெல்ட்டில் ஓடுகின்றன. ஓடும்போது பேட்டரி லைட் எரிந்தால், பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகக் கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீர்ச் சுற்றும் நின்றிருக்கும். சில கிலோமீட்டரில் ஹெட் வளைந்துவிடும். ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முடிவு.

தூசி விஷயமும் நம் ஊருக்கே உரியது. பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிரானைட் லாரிகளின் பின்னால் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன இடைவெளியில் பாதியிலேயே மாற்ற வேண்டும். ஊதிப் போடுவதால் பெரிய தூசிதான் போகும், மாவுத் தூசி தாளிலேயே இருக்கும்.

மற்றவை

சஸ்பென்ஷன் செலவு சிறியது, ஆனால் அடிக்கடி வரும். வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது முன்னால் "டொக் டொக்" என்றால் லிங்க் ராட். பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுத்தால் லோயர் ஆர்ம் புஷ். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுன்ட். மாம்பழக் கூடைகளை டிக்கியிலும் பின்சீட்டிலும் அடுக்கி மண்டிக்கு ஓடிய வண்டியில் பின் ஸ்பிரிங் தணிந்திருக்கும். சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும்.

கிளட்சுக்கு ஒரு சோதனை. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் நல்லது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்து. கியர் பாக்ஸை இறக்கும் கூலி ஒருமுறைதான், அதனால் பேரிங்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாதவர்கள் தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். இறக்கம் முழுக்கப் பெடலை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அது கொதித்து, இரட்டைப் பாலம் வரும்போது பெடல் பஞ்சாக உள்ளே போகும். மூன்றாவது கியரில் இறங்குங்கள், இன்ஜினே பிடிக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். தேயாத பட்டன் (டயரின் மேல் வரி) எவ்வளவு இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரில் நெடுஞ்சாலை வேகம் வேண்டாம்.

வாங்குபவர் காகிதத்தில் பார்க்க வேண்டியது

டி.என். 24, 29, 70 பதிவு வண்டிக்கு ஒரு நியாயம், வெளியூர் வண்டிக்கு வேறு நியாயம். ஓசூர், சூளகிரி பக்கம் கே.ஏ. பதிவு வண்டி விலை குறைவாகக் கிடைக்கும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்தாக வேண்டும், அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), படிவம் 28. இங்கே லைஃப் டேக்ஸ் மறுபடி கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மிச்சக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு நீங்கள்தான் அலைய வேண்டும். இந்த இரண்டையும் கூட்டிய பிறகு விலையைப் பேசுங்கள். டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வருஷக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அங்கிருந்தும் தெற்கே வண்டி வருகிறது. தமிழ்நாட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. என்.ஓ.சி. கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வையுங்கள். நம் ஊரிலும் 2024 டிசம்பர் 1 மழையில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும். ஸ்டெப்னியைத் தூக்கிப் பள்ளத்தைப் பாருங்கள், கார்ப்பெட்டின் ஓரத்தை உயர்த்தி அடிப் பஞ்சை மோந்து பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி எந்த விலைக்கும் வேண்டாம். வயரிங் கோளாறு முடிவே இல்லாமல் வரும்.

அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், பைனான்ஸ் இருக்கிறதா, அபராதம் பாக்கியா என்று பார்த்துவிடுங்கள். டிசையர் என்றால் வாடகை போர்டிலிருந்து மாற்றிய வண்டியா என்றும் பாருங்கள். மீட்டர் எண்பதாயிரம் காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது.

மாற்றுவது எப்போது

வண்டிக்குச் செலவு செய்வதைவிட மாதத் தவணை கட்டிவிடலாம் என்று சொல்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஒன்பது லட்சத்துக்குப் புது வண்டி, அதில் ஏழு லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 14,700 ரூபாயை ஒட்டி வரும். மொத்த வட்டி 1.82 லட்சம். இன்ஷூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பான ஐ.டி.வி. கணக்குப்படி ஐந்தாம் வருஷத்தில் மதிப்பில் பாதி கழிந்திருக்கும், அது 4.5 லட்சம். இரண்டையும் கூட்டினால் 6.3 லட்சம், வருஷத்துக்கு 1.26 லட்சம். பழைய ஸ்விஃப்ட் வருஷத்துக்கு இருபதாயிரம் மதிப்பிழக்கிறது என்று எடுத்தாலும், இன்னும் ஒரு லட்சம் ரூபாய் ரிப்பேருக்கு இடம் இருக்கிறது. வழக்கமான சர்வீஸ் இரண்டுக்கும் உண்டு, அதைச் சேர்க்க வேண்டாம். பணத்தை மட்டும் பார்த்தால் நாம் நினைப்பதைவிட நீண்ட நாள் பழைய வண்டியை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உயிரைப் பார்த்தால் நாம் நினைப்பதைவிட முன்னதாகவே மாற்ற வேண்டியிருக்கலாம். வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் 2014-இல் சோதித்த ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட் பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்ஜியம் நட்சத்திரம் வாங்கியது. அடிமட்ட மாடலான எல்.டி.ஐ. வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக்கும் இல்லை, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. உச்ச மாடலான இசட்.டி.ஐ.யில் இரண்டும் உண்டு. வாரா வாரம் குடும்பத்தோடு இரவில் என்.எச். 44-இல் லாரிகளுக்கு நடுவே போகிறவர் என்றால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏர்பேக் இல்லாத வண்டியை மாற்றிவிடுங்கள். தோட்டம், டவுன், பள்ளிக்கூடம் என்று சுற்றும் வண்டிக்கு அந்த அவசரம் இல்லை.

மற்றபடி, செயினும் டர்போவும் கிளட்சும் ஒரே வருஷத்தில் வந்து மொத்தத் தொகை வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றுங்கள். ஒரு முறை ஹெட் வேலை செய்த பிறகு மறுபடி கூலன்ட் குறைந்தால், இன்னொரு முறை செய்யாதீர்கள். விபத்தில் முன் ஏப்ரானோ (சக்கரத்தை ஒட்டிய உள்தகடு), கூரையைத் தாங்கும் பில்லரோ வளைந்து டிங்கரிங் பார்த்த வண்டிக்கு வீல் அலைன்மென்ட் நிற்கவே இல்லையென்றால், அதற்கு மருந்து கிடையாது. ஓட்டம் குறைந்துபோனதும் ஒரு காரணம். டீசல் 94, பெட்ரோல் 103 என்று வைத்து, 18, 15 மைலேஜில் கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 1.64 ரூபாய்தான் மிச்சம். வருஷம் 12,000 கிலோமீட்டருக்கு இருபதாயிரத்தை நெருங்கும். ஐந்தாயிரம் கிலோமீட்டரே ஓடும் வீட்டுக்கு எட்டாயிரம். ஓர் இன்ஜெக்டர் வேலையில் அது போய்விடும். அவர்கள் பெட்ரோலுக்கு மாறுவதே சரி.

டீசலிலேயே இருக்க விரும்பினால் 2018 முதல் 2020 வரையிலான ஸ்விஃப்ட் அல்லது டிசையர் பாருங்கள். அதே 1248 சிசி இன்ஜின், எடை குறைவு, இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் எல்லா மாடலிலும் உண்டு. குளோபல் என்கேப்பில் ஸ்விஃப்டுக்கு இரண்டு நட்சத்திரம், பெரிதாக மெச்ச ஒன்றுமில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால் இதற்குப் பிறகு வண்டி கிடையாது. பாதுகாப்புதான் முதல் என்றால் அதே விலைவாசியில் டாடா நெக்ஸான் டீசல் கிடைக்கிறதா என்று தேடுங்கள். 2018 டிசம்பரில் அது ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவர்கள் ஆர்.சி. காலாவதிக்கு அறுபது நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று நடப்பில் இருக்க வேண்டும். 1,000 முதல் 1,500 சிசி வரை மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. ஆய்வாளர் முன் நிறுத்தும்போது ஆர்.சி.யில் உள்ள நிறம்தான் வண்டியிலும் இருக்க வேண்டும். சேஸிஸ் நம்பர் துருப்பிடித்துப் படிக்க முடியாமல் இருந்தால் முன்கூட்டியே சுத்தம் பண்ணிவிடுங்கள். எல்லா லைட்டும் எரியட்டும். புதுப்பித்தால் ஐந்து வருஷம்.

விற்பவர்கள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி, வாங்குபவரின் கையெழுத்தோடு ஆதார் நகலையும் வாங்கி, டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்துப் பைனான்ஸ் பெயரை நீக்கிவிட்டே விலை பேசுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு கன்சல்டிங் கடையில் விட்டுவிட்டு வருவது இங்கே சர்வசாதாரணம். ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை விபத்து வழக்கும் அபராதமும் உங்கள் பெயருக்குத்தான் வரும். ஒரு மாதம் கழித்துப் பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் டெலிவரி நோட்டின் நகலோடு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.